பாமினி எழுத்துருவில் இருந்த கோப்பினை என்விடிஏ வாசிக்க வைத்த கதை

சங்கத்திலிருந்து வந்த வேர்டு கோப்பைத் திறந்தால், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என் திரைவாசிப்பான் மென்பொருளான என்விடிஏ உளறிக் கொட்டியது. அம்புக்குறியைத் தட்டித் தட்டி எழுத்தெழுத்தாகக் கேட்டேன்: ‘எம், கே, செமிகோலன், கே, எச்’. சரி, பாமினி எழுத்துரு! பார்க்கிறவர்களுக்கு அது ‘அம்மா’. கோப்புக்குள் இருப்பதோ வெறும் ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் உள்ளே இருக்கும் குறியீட்டைத்தான் படிக்கும், வடிவத்தை அல்ல. எனவே குரலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பத்தியை நகலெடுத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் ஒட்டி யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு உள்ள முறைக்கு, மாற்றினேன். முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் போடாதீர்கள். நடுவில் வரும் ஆங்கிலப் பெயர், மின்னஞ்சல் முகவரி எல்லாம் தமிழாகிச் சிதைந்துவிடும். யூனிகோடு வந்து இத்தனை காலமாகியும் பாமினியை விடமாட்டேன் என்கிறார்கள், என்ன செய்வது!

அப்புறம் குரல். இன்சர்ட், கண்ட்ரோல், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி ஈஸ்பீக் என்ஜி என்ற பேச்சுப்பொறியைத் தேர்ந்தெடுத்தேன். எஸ்ஸுக்குப் பதில் வி அழுத்தினால் வரும் பேச்சு அமைப்புகளில் குரலைத் தமிழாக்கினேன். இயந்திரக் குரல்தான், ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் எனக்குத் தெளிவாகவே கேட்கிறது. ஸ்கேன் செய்த பிடிஎஃப்புக்கு இந்த வழி உதவாது. அதற்கு முதலில் ஓசிஆர் செய்ய வேண்டும், அதாவது படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்ற வேண்டும்.