"உங்க கனவு கேம்ல என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு கேம் செய்ய உட்காராதீர்கள்

போன மாதம் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டு நாள் கேம் உருவாக்கும் போட்டி. வழிகாட்ட வரச் சொன்னார்கள், போயிருந்தேன். மொத்தம் 7 அணிகள். அதில் 5 அணிகள் லேப்டாப்பைத் திறந்ததும் எனக்குக் காட்டியது ஒரு கூகுள் ஃபார்ம். "உங்கள் கனவு கேமில் என்னென்ன இருக்க வேண்டும்?" என்று நண்பர்களிடமும் விடுதி மாணவர்களிடமும் கேட்டு, வந்த பதில்களை எண்ணி, அதிகம் பேர் கேட்டதை மேலே வைத்து வரிசைப்படுத்தியிருந்தார்கள். நேர்த்தியாகச் செய்திருந்தார்கள், உழைப்பு தெரிந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் 9 வருடத்துக்கு முன்னால் இதே வேலையை இதே அக்கறையோடு செய்து 14 மாதத்தைத் தொலைத்தவன் நான்.

பேக்கப் எடுக்காமல் இருப்பது, முதல் கேமே பிரம்மாண்டமாக வேண்டும் என்று கிளம்புவது, இதெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன். விளையாடுபவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் போகும் இடத்தில் நடக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

கேட்டு வாங்கிய பட்டியலையே கேமாகக் கட்டுவது

நாங்கள் மூன்று பேர். ஃபார்மில் அறுபது பேருக்கு மேல் பதில் எழுதியிருந்தார்கள். ஓப்பன் வேர்ல்டு (தடையில்லாமல் எங்கு வேண்டுமானாலும் சுற்றக்கூடிய பெரிய உலகம்) வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், மாட்டு வண்டிப் பந்தயம் வேண்டும், சொந்தமாக வீடு கட்ட வேண்டும், நாம் எடுக்கும் முடிவுக்கு ஏற்பக் கதை மாற வேண்டும், நண்பர்களோடு சேர்ந்து ஆட வேண்டும். ஒரு கிராமத்தை வைத்து இத்தனையையும் அதற்குள் போட்டோம். ஒவ்வொன்றும் பாதி பாதியாக வேலை செய்தது. மீன் பிடிப்பதற்கு மட்டும் இரண்டு மாதம் போனது. சேமிப்பு கரைந்து, ஒரு நண்பன் பழைய வேலைக்கே திரும்பினான்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். 11 வயது. போனை அவன் கையில் கொடுத்தேன். கேம் ஆரம்பித்ததும் ஒரு பெரியவர் வந்து வேலை ஒன்று சொல்வார், அதை அவன் படிக்கவே இல்லை. நேராக வாய்க்கால் கரையில் இருந்த மாமரத்தடிக்குப் போனான். கல் எறிகிற வசதி ஒன்று இருந்தது, அது நான் ஒரு மத்தியானம் சும்மா எழுதிப் போட்டது, யாரும் கேட்டதில்லை. எறிந்தான். ஒரு காய் விழுந்தது, சரிவில் உருண்டு போய் வாய்க்காலில் 'தொபுக்' என்று விழுந்தது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதற்கப்புறம் அவனுக்கு ஒரே குறி, அடிக்கிற காய் உருண்டு வாய்க்காலுக்குள் போக வேண்டும். கல் காயில் படாவிட்டால் நாக்கைச் சப்புக்கொட்டினான். பாதி வழியில் புல்லில் காய் நின்றுவிட்டால் போனையே சாய்த்துப் பார்த்தான். அரை மணி நேரம். "மாமா, அடுத்த மரத்துல ஏன் காயே இல்ல?" என்று கேட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அத விடுடா, அந்தப் பக்கம் வண்டிப் பந்தயம் இருக்கு, அங்க போ." போனான். இரண்டு நிமிடத்தில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே ஓடிவிட்டான்.

அன்றைக்கு என் கண் முன்னால் ஒரு கேம் இருந்தது. நானே அதை நிறுத்தினேன், பட்டியலில் அது இல்லை என்பதற்காக. இத்தனை வருடம் ஆகியும் இதை நினைத்தால் ஆறவில்லை. அந்தக் கல்லூரியில் அந்த ஃபார்ம்களைப் பார்த்தபோது வந்த கோபமும் அதுதான்.

கனவு கேம் எது என்று கேட்டால் மனிதர்கள் பொய் சொல்வதில்லை. தாங்கள் ஏற்கெனவே ஆடி ரசித்த கேம்களின் நல்ல நினைவுகளை ஒன்றாகக் கட்டித் தருகிறார்கள், கூடவே எரிச்சல் பட்ட இடங்களையும் ஆசையாக மாற்றிச் சொல்கிறார்கள். "ஓப்பன் வேர்ல்டு வேணும்" என்று எழுதிய ஒரு பையனிடம் பின்னாளில் உட்கார்ந்து பேசினேன். அவன் ஆடிக்கொண்டிருந்த கேமில் ஒரு வேலி முழங்கால் உயரம்தான் இருக்குமாம், ஆனால் தாண்ட விடாதாம். அவனுக்குத் தேவைப்பட்டது அந்த வேலியைத் தாண்டுவது. நாங்கள் அவனுக்காக 4 சதுர கிலோமீட்டர் நிலம் செய்துகொண்டிருந்தோம்.

இது நம் மாதிரி சின்ன ஆட்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். ஹேலோ என்ற துப்பாக்கிச் சண்டை கேமைச் செய்த பங்கி குழு, 2002 கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் ஒரு விஷயம் சொன்னது. எதிரிகளின் மூளையைத் தொடாமல், அவர்கள் தாங்கும் அடியை மட்டும் கூட்டி ஆடக் கொடுத்தபோது, எதிரிகள் புத்திசாலிகளாக இருக்கிறார்கள் என்று சொன்னவர்கள் கூடிவிட்டார்கள். சட்டென்று செத்துப்போகிற எதிரி என்ன தந்திரம் செய்தாலும் அதைப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. ஃபார்மில் "எதிரிங்க புத்திசாலியா இருக்கணும்" என்று வந்திருந்தால், நீங்கள் மூன்று மாதம் உட்கார்ந்து ஏஐ எழுதியிருப்பீர்கள்.

சிவிலைசேஷன் கேம்களுக்குப் பெயர்போன வடிவமைப்பாளர் சிட் மெய்யர் 2010-இல் அதே மாநாட்டில் சொன்னது இன்னும் நெருக்கமானது. அந்த வரிசையில் வந்த சிவிலைசேஷன் ரெவல்யூஷனில் சண்டைக்கு முன்னால் இரு பக்கத்துப் பலத்தையும் எண்ணாகக் காட்டுவார்கள். 3-க்கு 1 என்று இருந்தால் நாலில் ஒரு தடவை தோற்க வேண்டும், கணக்கு அதுதான். ஆடியவர்கள் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை, 3 பெரிய எண் ஆயிற்றே என்றார்கள். அதே 1-க்கு 3 என்று தங்கள் பக்கம் பலவீனமாக இருந்து ஜெயித்தால் மட்டும் ஒருவரும் புகார் சொல்லவில்லை. கடைசியில் அவர்கள் மனக்கணக்குக்கு ஏற்ற மாதிரி கேமின் கணக்கை மாற்றினார்கள். எக்ஸ்காம் எனிமி அன்னோன் (2012) என்ற போர் கேமும் எளிய நிலைகளில், குறி தப்பாமல் படும் வாய்ப்பு என்று திரையில் காட்டும் சதவீதத்தை விட ஆடுபவருக்குச் சாதகமாகவே உள்ளுக்குள் நடந்துகொள்ளும். "நேர்மையான கேம் வேண்டும்" என்று எழுதுகிறவர் கேட்பது, தனக்கு நேர்மையாகத் தோன்றுகிற கேமை. இரண்டும் வேறு வேறு வேலை.

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கேம் 2004-இல் வெளிவருவதற்கு முன், தொடர்ந்து நெடுநேரம் ஆடினால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் பாதியாகும்படி வைத்திருந்தார்கள். சோதனையில் ஆடியவர்கள் கொதித்துப்போனார்கள். அப்புறம் அதையே திருப்பிப் போட்டார்கள்: ஓய்வெடுத்துவிட்டு வந்தால் புள்ளி இரட்டிப்பு, அது தீர்ந்ததும் வழக்கமான அளவு. எண்கள் ஏறக்குறைய அதேதான். இந்தத் தடவை சந்தோஷப்பட்டார்கள். "எனக்குத் தண்டனை வேண்டாம், பரிசு வேண்டும்" என்று எந்த ஃபார்மிலும் யாரும் எழுதப்போவதில்லை.

ஃபார்மே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போடுங்கள், ஆனால் கேள்வியை மாற்றுங்கள். "கடைசியா எந்த கேமை அன்இன்ஸ்டால் செஞ்சீங்க, அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். "நேத்து எவ்வளவு நேரம் ஆடுனீங்க, எங்க உட்கார்ந்து ஆடுனீங்க?" என்று கேளுங்கள். பேருந்தில் நின்றுகொண்டு ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடியதாகச் சொல்வார்கள். அந்த ஒரு வரியில் திரை எந்தப் பக்கம், பட்டன் எங்கே, ஒரு ஆட்டம் எத்தனை நிமிடம் என்று பாதி முடிவுகள் வந்துவிடும்.

பக்கத்தில் நின்று விளக்குவது

வாயை மூடிக்கொள்ளுங்கள். ஹாஃப் லைஃப் கேமைச் செய்த காலத்திலிருந்தே வால்வ் நிறுவனத்தின் பழக்கம் இது: வெளியாள் ஒருவர் ஆடும்போது செய்தவர்கள் பின்னால் உட்கார்ந்து குறிப்பு எடுப்பார்கள், அவர் எங்கே திணறினாலும் ஒரு வார்த்தை உதவ மாட்டார்கள். கேட்க எளிது, செய்ய மிகக் கடினம். கண் முன்னால் கதவு இருக்கிறது, அவர் சுவரை முட்டிக்கொண்டிருப்பார், நமக்குக் கை பரபரக்கும். நீங்கள் "அந்தக் கதவு" என்று சொன்ன நொடியில் அந்தக் கதவு ஏன் அவர் கண்ணில் படவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு போயிற்று. ப்ளே ஸ்டோரில் இறக்குபவர் பக்கத்தில் நீங்கள் நிற்க முடியாது.

நண்பர்களிடம் மட்டும் ஆடக் கொடுப்பது

நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள்.

எல்லோருக்கும் பிடிக்கிற கேம்

கேம் ஆய்வாளர் ரிச்சர்ட் பார்ட்டில் 1996-இல் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. பலர் சேர்ந்து ஆடும் எழுத்து வடிவக் கேம்களை வைத்து, ஆடுபவர்களை நான்காகப் பிரித்தார்: சாதிக்க வருபவர்கள், சுற்றிப் பார்க்க வருபவர்கள், பழக வருபவர்கள், அடுத்தவரை அடிக்க வருபவர்கள். எல்லா கேமுக்கும் அது அப்படியே பொருந்தாது, அதை வேதவாக்காகப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் ஃபார்ம் பதில்களைக் கூட்டிச் சராசரி எடுக்கிறவர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும். மெதுவாகச் சுற்றிப் பார்க்க வந்தவரையும் அடித்து நொறுக்க வந்தவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருகிற ஆள் உலகத்தில் கிடையாது. என் அக்கா மகன் மாதிரி நிஜமான ஒருவனை மனதில் வைத்துச் செய்யுங்கள்.

ஆடுபவர்கள் ஆடுகிற விதமே அவர்களுக்குப் பிடித்த விதம் என்று நம்புவது

கேம் வடிவமைப்பாளர் சோரன் ஜான்சன் 2011-இல் எழுதியது: விட்டால் ஆடுபவர்கள் கேமிலிருந்து சுவாரசியத்தையே வழித்து எடுத்துவிட்டு லாபத்தை மட்டும் பார்ப்பார்கள். ஒரே பாறையை ஆயிரம் தடவை அடித்தால் காசு வரும் என்றால், அலுத்துக்கொண்டே அடிப்பார்கள், அப்புறம் போர் அடிக்கிறது என்று ஒரு நட்சத்திரம் போடுவார்கள். பாறையை வைத்தது நாம்தான்.

கை உணர்வைக் கடைசிக்குத் தள்ளுவது

கேமில் என்ன வேண்டும் என்ற கேள்விக்கு யாருமே சொல்லாத பதில் இது, ஏனென்றால் சரியாக இருக்கும்போது இது கண்ணுக்குத் தெரியாது. செலஸ்ட் (2018) என்ற மலையேறும் கேமில் பாறை விளிம்பைத் தாண்டி ஏறக்குறைய 0.1 விநாடி கழித்து குதிக்கும் பட்டனை அழுத்தினாலும் கேம் குதிக்க விடும். விதிப்படி காலுக்குக் கீழே தரை இல்லை, ஆனால் ஆடுபவரின் விரல் "நான் சரியாத்தானே அழுத்தினேன்" என்று நம்புகிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகிறார்கள். கடினமான கேம் என்று பெயர் எடுத்ததன் உள்ளே இவ்வளவு இரக்கம் இருக்கிறது.

அந்தக் கல்லூரியில் ஃபார்ம் போடாத அணிகளில் ஒன்று இரண்டு மாணவிகள் செய்த பூ கட்டும் கேம். கேன்டீனில் வேலை பார்க்கும் அக்கா ஒருவரிடம் போனைக் கொடுத்தார்கள். நிஜத்திலேயே பூ கட்டுபவர். திரையில் நாரை வலமிருந்து இடமாக இழுக்க வேண்டும். அவர் கட்டை விரல் ஒவ்வொரு தடவையும் இடமிருந்து வலமாகவே போனது. நார் அவிழ்ந்தது. "எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்றார். அந்தப் பெண்களில் ஒருத்தி ஒன்றும் பேசாமல் நோட்டில் "கட்டை விரல்" என்று மட்டும் எழுதினாள். ராத்திரி திசையை மாற்றி, இழுத்து முடிக்கும் நொடியில் போன் லேசாக அதிரும்படி வைத்தார்கள். மறுநாள் அந்த அக்கா ஒரு முழம் கட்டிவிட்டு, கை அளவில் சரியாக இருக்கிறதா என்று திரை மேல் விரல் விரித்துப் பார்த்தார்.

பெரிய கேம்தான் வேண்டும் என்று எடுத்துக்கொள்வது

கேட்டால் 100 மணி நேரம் ஓடும் கேம்தான் வேண்டும் என்பார்கள். டொராண்டோவில் ஒரு சின்னக் குழு செய்து 2023-இல் வெளிவந்த வெண்பா, ஒரே உட்காரலில் முடிந்துவிடுகிற கேம். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பு நோட்டு, அதை வைத்து இட்லி அவிப்பதிலிருந்து தொடங்கும் புதிர்கள். 2024-இல் அறிமுக கேமுக்கான, பிரிட்டனின் பாஃப்டா விருது அதற்குத்தான் கிடைத்தது. எத்தனை ஃபார்ம் அனுப்பினாலும் "இட்லி வேணும்" என்று ஒருவர் எழுதியிருப்பாரா?

"தமிழில் வேண்டும்" என்பதைக் கடைசி வாரத்துக்கு வைப்பது

இது மட்டும் உண்மையிலேயே நிறைய பேர் கேட்பது, அதனால்தான் சொல்கிறேன். கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில், திரையில் எழுத்தைக் காட்ட எல்லோரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் தமிழை அப்படியே போட்டால் எழுத்து உடையும், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அதே மாதிரி இன்னொரு மென்பொருளான கோடோ 4 (2023) இதைச் சரியாகக் காட்டுகிறது. எழுத்து உடைந்திருந்தால், தமிழ் கேட்டவரே முதல் நிமிடத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுவார். வேலையைத் தொடங்கும் முதல் நாளே திரையில் "கொய்யா" என்று ஒரு சொல் போட்டுப் பாருங்கள்.