இரவுப் படம் கலங்குவது எதனால்?

கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில் எடுத்த இரவுப் படம் கமராத் திரையில் பளிச்சென்று இருக்கும். வீட்டில் கணினியில் திறந்தால் கலங்கியிருக்கும். புதுக் கமரா வாங்க யோசிக்கமுதல் படத்தை நூறு வீதத்துக்குப் பெரிதாக்கி, அதிலுள்ள லைற்றுகளைப் பாருங்கள். வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கம் இழுபட்டிருந்தால் கமரா அசைந்திருக்கிறது. வட்டமாக ஊதியிருந்தால் போகஸ் பிழை. கோபுரம் தெளிவு, ஆட்கள் மட்டும் கலங்கல் என்றால் ஷட்டர் வேகம் காணாது. மூன்றுக்கும் ஒரே மருந்து இல்லை.

ட்ரைபொட் இருந்தும் கமரா அசையும். நடுத்தண்டை முழுதாக உயர்த்துவதுதான் பலர் விடும் பிழை. சோளகம் வீசும் மாதங்களில் குளக்கட்டில் அந்தத் தண்டு நடுங்காமல் நிற்காது. தண்டை இறக்கி, தடித்த மேற்கால்களை மட்டும் நீட்டி, கட்டின் காற்று மறைந்த பக்கத்தில் தாழ்வாக வையுங்கள். (முதலில் ரோச் அடித்துப் பாருங்கள், அந்தப் புல்லுக்குள் பாம்பு புதிதல்ல.) பாரத்துக்குப் பையைக் கொழுவினால் அதன் அடி நிலத்தில் முட்ட வேண்டும், அந்தரத்தில் தொங்கும் பை ஆட்டத்தைத்தான் கூட்டும். கழுத்துப் பட்டியையும் கழற்றிவிடுங்கள். ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 செக்கன் ரைமர் போடுங்கள். டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கமரா) என்றால் லைவ் வியூவில், அதாவது பின் திரையில் பார்த்து எடுங்கள். 1/15 முதல் 1 செக்கன் வரையான வேகங்களில் உள்ளே கண்ணாடி எழும்பும் அதிர்வே படத்தைக் கெடுக்கப் போதும். லென்ஸின் அதிர்வுத் தடுப்பு கையில் பிடித்து எடுக்கத்தான். ட்ரைபொட்டில் அதை நிறுத்துங்கள்.

போகஸை முடிவிலிக் குறியில் வைத்துவிட்டு நம்பியிருப்பது அடுத்த பிழை. பல லென்ஸ்கள் அந்தக் குறியைத் தாண்டியும் சுழலும். லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, தூரத்து வீதி லைற்றையோ பிரகாசமான நட்சத்திரத்தையோ பிடித்து, புள்ளி ஆகச் சிறிதாகும்வரை வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். கொஞ்சம் தாண்டிப்போய்த் திரும்பி வந்தால்தான் சரியான இடம் பிடிபடும். லென்ஸை மனுவலிலேயே விடுங்கள். பிறகு சூம் மாற்றினால் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும்.

நட்சத்திரத்துக்கு 500 விதியைச் சொல்வார்கள்: 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் (மி.மீ.) வகுத்தால், நட்சத்திரம் கோடாக இழுபடாமல் ஷட்டரைத் திறந்து வைக்கக்கூடிய செக்கன் வரும். சிறிய சென்சர் கமராவில் 1.5ஆலும் வகுத்தால் 18 மி.மீ.க்கு ஏறக்குறைய 18 செக்கன். போனில் பார்க்க அது போதும். பெரிதாக அச்சிட்டால் கோடு தெரியும். 10 செக்கன், எஃப் 3.5 (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200இல் தொடங்குங்கள். தையில் வன்னிக்கு மேலாகப் போகும் ஓரியனின் இடுப்புப்பட்டி வான நடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் உள்ள கோடு) ஒட்டியது. அங்கே கோடு ஆக நீளும்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கூட்டத்தில் ட்ரைபொட் உதவாது. ஆட்கள் அசைவதை அது நிறுத்துமா? நடப்பவர்களுக்கு ஷட்டர் வேகம் 1/125 செக்கன், காவடிக்கு 1/250. லென்ஸின் திறப்பை முழுதாகத் திறந்து ஐஎஸ்ஓவை 6400 வரை துணிந்து ஏற்றுங்கள். புள்ளிப் புள்ளியான மணற்தன்மையைப் பிறகு குறைக்கலாம், கலங்கலை எடுக்கவே முடியாது.

ஏசி வானால் இறங்கியதும் கமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்க்கும். மூடிய பையில் அரை மணித்தியாலம் விடுங்கள். மாசிப் பனியில் சில படங்களுக்கு ஒருமுறை லென்ஸில் பக்கவாட்டாக ரோச் அடித்துப் பாருங்கள். ஈரம் படிந்திருந்தால் துணியால் ஒற்றுங்கள், வாயால் ஊதாதீர்கள். யூவி பில்டரையும் இரவில் கழற்றி வையுங்கள், லைற்றுகளின் மங்கிய நிழலுரு படத்தில் விழுவது பெரும்பாலும் அதனால்தான்.