சுக்ரோஸ் உடைவதை என்எம்ஆரில் பார்ப்பது: முதல் முறை செய்பவர்களுக்கு

நொதி வினையை என்எம்ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவியில்) வைத்தால், டியூபைத் திறக்காமலே வினைப்படுபொருள் குறைவதும் விளைபொருள் கூடுவதும் ஒரே படத்தில் தெரியும். எந்தப் பிணைப்பு வெட்டுப்பட்டது என்பதும் சில சமயம் தெரிந்துவிடும். அதைப் பழக இன்வர்டேஸைவிட நல்ல நொதி எனக்குத் தெரியவில்லை. அது சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடைக்கிறது.

கரைசல்

50 மில்லிமோலார் அசிட்டேட் பஃபரைக் கனநீரில் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள தண்ணீரில்) தயாரித்து, பிஎச் மீட்டரில் 4.6 வரும்படி சரிசெய்யுங்கள். கனநீரில் மீட்டர் 0.4 குறைத்துக் காட்டும் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். அசிட்டேட்டின் பீக் (ஸ்பெக்ட்ரத்தில் எழும் முகடு) 1.9 பிபிஎம் (ஸ்பெக்ட்ரத்தின் கிடை அச்சின் அளவு) பக்கம் தனியாக நிற்கும், தொல்லை இல்லை. இதில் 20 மில்லிமோலார் சுக்ரோஸைக் கரைத்து, 0.6 மில்லிலிட்டரை 5 மிமீ டியூபில் ஊற்றுங்கள்.

விற்பனைக்கு வரும் நொதிக் கரைசல்களில் பெரும்பாலும் கிளிசரால் இருக்கும். அதன் பீக்குகள் 3.5 முதல் 3.8 வரை சர்க்கரைப் பீக்குகள் மேலேயே விழும். அதனால் அந்தப் பகுதியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

நொதி இல்லாமல் ஒரு ஸ்பெக்ட்ரம்

லாக் (காந்தப் புலம் நகராமல் பிடிப்பது), டியூனிங் (அளவிடும் சுருளை அலைவரிசைக்குப் பொருத்துவது), ஷிம் (புலத்தைச் சீராக்குவது) எல்லாம் முடித்து, நொதி சேர்க்கும் முன்பே ஒன்று எடுங்கள். அவசரத்தில் பலரும் விடுவது இதைத்தான். பின்னால் வரும் ஒவ்வொரு பீக்கும் புதியதா, முதலிலேயே இருந்ததா என்று சொல்ல இது ஒன்றுதான் சாட்சி. சுக்ரோஸின் அடையாளம் 5.41இல் ஓர் இரட்டைப் பீக்.

வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கட்டும். உடல் வெப்பம்தான் நொதிக்கு நல்லது என்று 37இல் வைத்தால், தண்ணீரின் பீக் 4.65 பக்கம் நகர்ந்து, 4.64இல் வரவேண்டிய பீட்டா குளுக்கோஸை (குளுக்கோஸின் ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு வளைய வடிவங்களில் ஒன்று) விழுங்கிவிடும். 25இல் அது 4.77 அருகே ஒதுங்கி நிற்கும்.

நொதியைச் சேர்த்தல்

சில மைக்ரோலிட்டர் போதும். சேர்த்த நொடியைக் குறித்து, டியூபை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள், குலுக்க வேண்டாம். ஷிம்மை லேசாகத் திருத்தி, 8 ஸ்கேன் வீதம் அடுத்தடுத்து எடுங்கள். முதல் ஸ்பெக்ட்ரத்திலேயே சுக்ரோஸ் தீர்ந்திருந்தால், நொதியைப் பத்தில் ஒரு பங்காக்கி மறுபடி தொடங்குங்கள். பரப்பளவு சரியாக வர, அணுக்களின் காந்தத்தை 90 டிகிரி திருப்பும் ரேடியோ துடிப்பு என்றால் ஸ்கேன்களுக்கு நடுவே டி1 நேரத்தைப் (அந்தக் காந்தம் பழைய நிலைக்குத் திரும்பும் வேகத்தைச் சொல்லும் அளவு) போல 5 மடங்கு காத்திருக்க வேண்டும்.

படித்தல்

இப்போது 5.23ஐக் கவனியுங்கள். அது ஆல்ஃபா குளுக்கோஸ், அதுதான் முதலில் எழும். 4.64 பீக் பின்தங்கியே வரும். காரணம், இன்வர்டேஸ் வெட்டுவது ஃபிரக்டோஸுக்கும் இரண்டு சர்க்கரைகளையும் இணைக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே. குளுக்கோஸ் பக்கப் பிணைப்பு கலையாததால், சுக்ரோஸில் இருந்த ஆல்ஃபா வடிவத்திலேயே குளுக்கோஸ் வெளியே வருகிறது. அப்புறம்தான் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக பீட்டாவாக மாறுகிறது. இந்தச் சிறிய தாமதத்தில் நொதியின் வேலை முழுவதும் தெரிகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

கணக்கு எளிது. மூன்று பீக்குகளும் தலா ஒரு ஹைட்ரஜனுடையவை, எனவே பரப்புகளை நேராக ஒப்பிடலாம். உதாரணமாக சுக்ரோஸ் 0.60, ஆல்ஃபா 0.25, பீட்டா 0.15 என்றால், 40 சதவீதம் உடைந்திருக்கிறது.

டியூபைக் கழுவிவிடாமல் மறுநாள் இன்னொரு ஸ்பெக்ட்ரம் எடுங்கள். ஆல்ஃபாவும் பீட்டாவும் ஏறக்குறைய 36க்கு 64 என்று நிற்க வேண்டும். பீட்டா குறைவாக வந்தால், தண்ணீர் பீக்கை அடக்கும் அமைப்பு ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது பக்கத்துப் பீக்கையும் சேர்த்தே அமுக்கும்.