நீட் எழுதிவிட்டு வந்தபின் மார்க்கைக் கணக்குப் போடுவது எப்படி

தேர்வு முடிந்த அன்றைக்கு ராத்திரிக்குள்ளேயே கோச்சிங் சென்டர்களின் விடைக்குறிப்புகள் போனில் வந்து குவிந்துவிடும். அதைப் பார்க்காமல் நிம்மதியாகத் தூங்குங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. பாருங்கள், ஆனால் ஒரே ஒரு தடவை, ஒழுங்காகப் பாருங்கள். உங்களுக்கு 487 என்றோ 523 என்றோ ஒற்றை எண் இப்போது தெரியவராது, தெரியவும் முடியாது. குறைந்தது இவ்வளவு, அதிகம் போனால் இவ்வளவு என்று இரண்டு எண்கள் கையில் இருந்தால் அடுத்த சில வாரங்களுக்கு அதுவே போதும்.

விடைக்குறிப்பைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். விடைக்கான வட்டங்கள் இருக்கும் ஓஎம்ஆர் தாளை ஹாலிலேயே வாங்கிக்கொள்வார்கள், வினாத்தாள் மட்டும்தான் உங்களோடு வீட்டுக்கு வரும். அதனால் எந்த வட்டத்தைக் கறுப்பாக்கினீர்கள் என்பதற்கு உங்கள் ஞாபகம் மட்டுமே சாட்சி, சரியான விடையைப் பார்த்த மறுகணம் அந்த ஞாபகம் தடம் மாறிவிடும். "நானும் மூணுதான் போட்டேன்" என்று மனசு அடித்துச் சொல்லும். வினாத்தாளின் ஓரத்தில் நீங்கள் போட்ட கணக்கு மூன்றாவது விடையில் முடிந்திருக்கலாம், ஆனால் கடைசி ஐந்து நிமிடப் பதற்றத்தில் வட்டம் மாறிப்போயிருக்கவும் கூடும். ஆகவே முதலில் வினாத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, 180 கேள்விகளுக்கும் பக்கத்தில் என்ன போட்டீர்கள் என்பதை எழுதுங்கள். எதைப் போட்டோம் என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும் அங்கே ஒரு கேள்விக்குறி, விட்டுவிட்ட கேள்விக்கு ஒரு கோடு. அதை முடித்த பிறகுதான் விடைக்குறிப்பு.

நண்பர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதாக இருந்தால் "67க்கு என்ன போட்ட?" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. வினாத்தாள் கோட் மாறினால் கேள்விகளின் வரிசையும் மாறிவிடும், உங்கள் 67 அவருக்கு 12 ஆக இருக்கலாம். கேள்வியைச் சொல்லுங்கள், விடையையும் எண்ணாக இல்லாமல் விடையாகவே சொல்லுங்கள். கோச்சிங் சென்டர் விடைக்குறிப்பிலும் முதலில் உங்கள் கோட்தானா என்று பாருங்கள். அப்புறம் இன்னொன்று, ஐந்து பேர் ஒரே விடையைப் போட்டார்கள் என்பதற்காக அது சரியான விடை ஆகிவிடாது. நல்ல பொறி வைத்த கேள்வியில் ஐந்து பேரும் சேர்ந்தே விழுவார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1, விட்டதற்கு ஒன்றுமில்லை. நிச்சயமாகச் சரி 118, நிச்சயமாகத் தவறு 24, விட்டது 20, கேள்விக்குறி 18 என்று ஒருவருக்கு வருகிறது என வைத்துக்கொள்ளுங்கள். 118 நாலு 472, அதில் 24 போனால் 448. கேள்விக்குறி 18ம் தவறாகப் போனால் 430, எல்லாமே சரியாக இருந்தால் 520. இந்த இடைவெளி எப்படி 90 ஆனது என்று கவனியுங்கள். ஒவ்வொரு சந்தேகக் கேள்வியும் 4 மார்க் இல்லை, 5 மார்க் ஆட்டம் காட்டும், ஏனென்றால் தவறினால் 4 கிடைக்காமல் போவதோடு கூடவே ஒன்று கழியவும் செய்யும். இரண்டு விடைகளுக்கு நடுவே ஊசலாடிய கேள்விகள்தான் அந்த 18ம் என்றால் பாதி சரி பாதி தவறு என்று வைத்து 475 பக்கம் எதிர்பார்க்கலாம். நிதானமாகப் பார்த்தால் அதுதான் நடுமையம், 520 இல்லை.

இரண்டு கோச்சிங் சென்டர்களின் விடைக்குறிப்பு போதும். ஏழெட்டு எடுத்து வைத்துக்கொண்டு எதில் மார்க் அதிகம் வருகிறதோ அதை நம்புவது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. இரண்டும் ஒத்துப்போகாத கேள்விகளைக் கேள்விக்குறிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் உத்தேச விடைக்குறிப்பும் உங்கள் ஓஎம்ஆர் தாளின் படமும் வெளிவரும். அப்போதுதான் உண்மையான வேலை. படத்தை உடனே இறக்கிப் பத்திரப்படுத்துங்கள், நீங்கள் எழுதி வைத்ததோடு வட்டம் வட்டமாக ஒப்பிடுங்கள். கேள்விக்குறிகள் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். விடை தவறு என்று தோன்றினால் ஆட்சேபம் தெரிவிக்கலாம், ஒரு கேள்விக்கு 200 ரூபாய், அந்தப் பணம் திரும்பக் கிடைக்காது. மனசு சொல்கிறது என்பதற்காகப் பணம் கட்டாதீர்கள். என்சிஇஆர்டி புத்தகத்தின் புதிய பதிப்பில் அந்த வரியை விரல் வைத்துக் காட்ட முடிந்தால் மட்டும் கட்டுங்கள். பதிப்பு ஏன் முக்கியம் என்பதற்கு 2024 ஒன்றே போதும். அணுக்களின் நிலைத்தன்மை பற்றிய ஓர் இயற்பியல் கேள்வியில் பழைய பதிப்பு ஒன்று சொன்னது, புதியது வேறு சொன்னது. இரண்டு விடைகளுக்கும் மார்க் கொடுத்தார்கள், விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், ஐஐடி டெல்லி வல்லுநர்கள் ஒரே ஒரு விடைதான் சரி என்று சொன்னார்கள். முடிவு வந்த பிறகும் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு 5 மார்க் குறைந்தது. முழு மார்க்கான 720 எடுத்தவர்கள் 61 பேராக இருந்தது 17 ஆனது.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பில் குழப்பம் இருந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது விதி. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் தவறாக மொழிபெயர்க்கப்பட்டிருந்ததால் 196 கருணை மதிப்பெண் தரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது, ஆனால் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எனக்கு இது இன்றைக்கும் ஏற்க முடியாத அநியாயமாகவே படுகிறது. இருந்தாலும் உங்கள் கணக்கில் "மொழிபெயர்ப்புக்கு மார்க் வரும்" என்று எதையும் கூட்டாதீர்கள்.

ரேங்க் கணிப்பில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். முந்தைய ஆண்டின் மார்க், ரேங்க் பட்டியலை எடுத்து இந்த ஆண்டு மார்க்கை அதில் பொருத்திப் பார்க்கிறார்கள். 2024இல் முழு 720 வாங்கியவர்கள் இருந்தார்கள், 2025இல் முதலிடமே 686தான். பொதுப்பிரிவில் தகுதி மதிப்பெண் 2023இல் 137, 2024இல் 162, 2025இல் 144. வினாத்தாள் கஷ்டமா சுலபமா என்பதைப் பொறுத்து எல்லாமே ஏறி இறங்கும். முடிவு வரும்வரை ரேங்க்கைக் கணிக்காதீர்கள், அப்படியே கணித்தாலும் அதை நம்பிக் கல்லூரி முடிவு செய்யாதீர்கள். பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் எழுதியவர்களுக்கு இது இன்னும் பொருந்தும், அங்கே ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பர்சென்டைல் கணக்கு, வெறும் மார்க்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அம்மா அப்பாவிடம் அந்த இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்லுங்கள், சொந்தக்காரர்கள் கேட்டால் "ரிசல்ட் வரட்டும்" போதும். கணக்கு முடிந்து மனசு ரொம்பவே பாரமாக இருந்தால், தப்பான எண்ணம் எட்டிப் பார்த்தால், தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள். வீட்டில் யாரையாவது எழுப்புங்கள், இல்லையென்றால் உதவி எண்களான 104க்கோ 14416க்கோ கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் பரவாயில்லை.

காத்திருக்கும் நாட்களில் சான்றிதழ்களைத் தேடி எடுங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல இருக்கிறதா பாருங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பிப்பவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். இரண்டு மூன்று பள்ளிகளில் மாறி மாறிப் படித்திருந்தால் ஒவ்வொரு பள்ளிக்கும் போக வேண்டிவரும்.