ஐப்பசியில் பிறந்த பிள்ளைக்குத் துணி காயவைப்பது எப்படி

முதலில் வேட்டியைக் கிழியுங்கள். புது வேட்டி உதவாது. பத்து வருடமாவது துவைத்துத் துவைத்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற நாலு முழ வேட்டியாக இருக்க வேண்டும். கரையை வெட்டி எடுத்துவிட்டு, நீளத்தில் மூன்றாகவும் அகலத்தில் இரண்டாகவும் பிரித்தால், ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் சதுரத்தில் ஆறு துண்டுகள் தேறும். என் மாமனார் நான்கு வேட்டிகள் கொடுத்தார். ஆக 24 துண்டுகள். கடையில் வாங்கிய தடித்த நாப்கின்கள் ஒரு டஜன் வீட்டில் இருந்தும், மகன் பிறந்த அந்த மழை மாதங்களில் எங்களுக்குக் கைகொடுத்தவை இந்த 24 துண்டுகள்தாம். தடித்த நாப்கின் மழை நாளில் ஒன்றரை நாள் ஆனாலும் நடுவில் சில்லென்று இருக்கும். வேட்டித் துண்டு ஒரு இரவில் காய்ந்துவிடும்.

மலேசியாவின் பினாங்கில் செப்டம்பரில் தொடங்கும் மழை நவம்பர் வரை விடாது. நாங்கள் ஆயர் ஈத்தாமில், கொடிமலையைப் பார்த்தபடி இருக்கும் அடுக்குமாடியில் ஒன்பதாம் மாடியில் இருக்கிறோம். வீட்டுப் பெரியவர்கள் இந்த மாதங்களைக் குளிர்காலம் என்பார்கள். கைக்குழந்தைக்குத் தொப்பி, கையுறை, காலுறை, அதன்மேல் ஒரு போர்வை என்று சுற்றிவைப்பார்கள். இரவு மழையிலும் எங்கள் வீட்டு வெப்பமானி 24 பாகைக்குக் கீழே இறங்கியதில்லை. பிள்ளையை உண்மையில் படுத்துவது ஈரம். துணியில் ஈரம், சுவரில் ஈரம், மெத்தையில் ஈரம், தொடை மடிப்பில் ஈரம். இந்த ஈரத்தை விரட்டுவதைத்தான் நான் என் வேலையாக எடுத்துக்கொண்டேன். பால் கொடுப்பதை நான் செய்ய முடியாது. துணியைக் காயவைக்க முடியும்.

கணக்கை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். முதல் வாரம் கழிந்த பிறகு பிள்ளை ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால் பால் போதுமான அளவு போகிறது என்று பொருள். வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதியின் முதல் கேள்வியே அதுதான். எங்கள் மகனுக்கு நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு துணி ஆனது. 24 துண்டுகள் இரண்டு நாளுக்குத்தான் வரும். வெயில் வரட்டும் என்று காத்திருந்தால் மூன்றாம் நாள் காலையில் கையில் ஒன்றும் இருக்காது. இரவுக்கும் கிளினிக்குக்குப் போகும் நாளுக்கும் கடை டயப்பர் போடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

இனி காயவைக்கும் முறை. மலம் பட்டதற்கு ஒரு வாளி, சிறுநீர் மட்டும் பட்டதற்கு ஒரு வாளி என்று தனித்தனியாக வைத்து, மலம் பட்டதை உடனே அலசிவிடுங்கள். வாசனைக்கு ஊற்றும் துணி மென்மையாக்கியைத் தொடாதீர்கள். அது நூலில் படிந்து துணியின் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். பிள்ளையின் தோலுக்கும் ஆகாது. சலவை இயந்திரம் நின்றதும் துணியை எடுத்துவிடாமல், பிழியும் சுற்றை மட்டும் இன்னொரு முறை ஓடவிடுங்கள். அப்போது வெளிக்குழாயின் பக்கம் போய் நின்று பாருங்கள். எவ்வளவு தண்ணீர் மறுபடியும் வருகிறது என்று கண்ணால் கண்ட பிறகு, ஒரே முறை பிழிந்து எடுக்க மனம் வராது.

கொடியில் போடுமுன் ஒவ்வொரு துண்டையும் இரண்டு முனை பிடித்துப் படீரென்று உதறுங்கள். கொடியின் மேல் பாதியாக மடித்துப் போடாமல், ஓரத்தை மட்டும் கிளிப்பில் மாட்டி ஒற்றையாகத் தொங்கவிட வேண்டும். துண்டுக்கும் துண்டுக்கும் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். மேசை விசிறியைத் தரையில் வைத்து, காற்று துணியின் மேல் மோதாமல் துணிகளின் இடுக்கு வழியாக ஓடும்படி திருப்புங்கள். மழை பெய்தாலும் ஜன்னலை நான்கு விரல் அகலம் திறந்து, எதிர்ப்பக்கக் கதவையும் திறந்துவையுங்கள். துணியை விட்டுப் போகும் ஈரம் வெளியே போக வழி வேண்டும். முதல் வாரம் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓடவிட்டேன். பத்தாம் நாள் அலமாரியின் பின்னால் சுவரில் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள். பூசணம். அன்றே துடைத்து, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்தேன். பிள்ளை தூங்கும் அறையில் மட்டும் ஒருபோதும் ஈரத்துணி போடாதீர்கள்.

வெளியில் போட நேரம் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் பெரும்பாலும் காலை எட்டு மணியிலிருந்து நண்பகல் வரை ஒரு வெளிவாங்கல் கிடைக்கும். மேகம் கொடிமலையின் பாதி வரை இறங்கி, கெக் லோக் சி கோயில் கோபுரம் மங்கலாகத் தொடங்கினால், கால் மணி நேரத்தில் எங்கள் மாடியில் மழை. பிள்ளை மடியில் இருந்தாலும் நான் அந்தக் கோபுரத்தின் மேல் ஒரு கண் வைத்திருப்பேன்.

காய்ந்துவிட்டதா என்று விரலால் பார்க்காதீர்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய விரலுக்கு ஈரம் தெரியாது. துணியைக் கன்னத்தில் அல்லது மேலுதட்டில் வையுங்கள். தையல் போட்ட ஓரம் இருந்தால் அங்கே வையுங்கள், கடைசியாகக் காய்வது அதுதான். அதனாலேயே எங்கள் வேட்டித் துண்டுகளுக்கு நான் ஓரம் அடிக்கவில்லை. நூல் பிரிந்தால் கத்தரித்துவிடுவேன்.

இஸ்திரிப் பெட்டி நல்ல துணை. ஆனால் இஸ்திரி போட்ட சூட்டில் ஈரம் மறைந்துகொள்ளும். மூன்றாம் வாரத்தில் ஒரு இரவு நான் பதினைந்து துண்டுகளைத் தேய்த்து, சூட்டோடு சூடாக மடித்து அடுக்கிவிட்டு வேலைக்குப் போனேன். காலையில் வந்து அடுக்கின் நடுவிலிருந்து எடுத்தவற்றை அப்படியே கட்டினேன். மாலையில் தொடை மடிப்பில் செக்கச் செவேலென்று சிவந்துவிட்டது. தொட்டால் அழுதான். அந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. பசி அழுகையைப்போல் ஏறி இறங்காமல் ஒரே இழுப்பாக இருந்தது. கிளினிக்கில் பவுடர் எதுவும் போட வேண்டாம் என்றார்கள். வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றி எடுத்து, சிறிது நேரம் துணியில்லாமல் காற்றாட விட்டு, துத்தநாகக் களிம்பைத் தடவச் சொன்னார்கள். மூன்று நாளில் ஆறியது. இப்போது தேய்த்த துண்டை நாற்காலி முதுகில் விரித்துப் பத்து நிமிடம் ஆறவிட்டு, கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகே மடிக்கிறேன். உங்களுக்கும் இதைத்தான் வற்புறுத்திச் சொல்வேன்.

மூன்று நாள் மழை விடாவிட்டால், காசு போட்டு ஓட்டும் டோபி கடைக்கு எடுத்துப்போங்கள். வீட்டிலேயே துவைத்துவிட்டு, உலர்த்த மட்டும் அங்கே. துணியைப் போடுமுன் உலர்த்தும் இயந்திரத்தின் உள்ளே ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். முன்னால் வந்தவரின் வாசனைத் திரவம் ஒட்டியிருக்கும்.

அடுத்தது, உறவினர் கொடுக்கும் பழைய துணி. இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எங்கள் மகனுக்கு இருந்தது. ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். இந்தக் குறைபாடு உள்ள பிள்ளையின் சிவப்பணுக்களைச் சில பொருள்கள் உடைத்துவிடும். மஞ்சள் காமாலை கடுமையாக ஏறும். மூளைக்கே கேடு வரலாம். அந்தப் பொருள்களில் ஒன்று, மழைக்காலத்தில் நம் வீட்டு அலமாரிகளிலெல்லாம் உருளும் நாப்தலின் அந்துருண்டை.

மகனை ஐந்து நாள் மருத்துவமனையிலேயே வைத்திருந்து காமாலையைக் கவனித்துவிட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் சுங்கை பட்டாணியிலிருந்து மனைவியின் அக்காள் ஒரு பை நிறையப் பிள்ளைத் துணி கொடுத்துவிட்டிருந்தார். எல்லாம் அழகழகான சட்டைகள். பையைத் திறந்ததும் அந்த வாசனை. கட்டிலின் மேல் வைத்த பையை அப்படியே கட்டி நடைவழிக்கு வெளியே கொண்டுபோய் வைத்தேன். அக்காள் மனம் நோகக் கூடாதே என்று மனைவிக்குத் தயக்கம். நானே தொலைபேசியில் அழைத்து, "அண்ணி, துணியெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் டாக்டர் கொடுத்த பட்டியலில் அந்துருண்டை இருக்கிறது" என்று விவரமாகச் சொன்னேன். புரிந்துகொண்டார். நேராகச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். உங்கள் பிள்ளைக்குக் குறைபாடு இல்லாவிட்டாலும் இந்த உருண்டையைப் பிள்ளைத் துணியின் பக்கம் விடாதீர்கள்.

காமாலையைப் பற்றி இன்னொன்று. மேகமூட்டமான நாளில், மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் எந்தப் பிள்ளையும் மஞ்சளாகத்தான் தெரியும். அல்லது மஞ்சளான பிள்ளை மஞ்சளாகத் தெரியாது. பகலில் ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு போய், நெற்றியிலும் மார்பிலும் விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பாருங்கள். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிந்தாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ உடனே கிளினிக்குக்குப் போங்கள். காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். அது மருத்துவம் ஆகாது. மழை மாதத்தில் அந்த வெயிலும் இல்லை. தைலம், மூலிகை எண்ணெய், நாட்டு மருந்துச் சாறு எதையும் டாக்டரைக் கேட்காமல் பிள்ளைக்குத் தடவவோ ஊட்டவோ வேண்டாம்.

குளிப்பாட்டுவதைக் காலை பத்து, பதினொரு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விசிறியை நிறுத்தி, துண்டு, துணி, சட்டை எல்லாவற்றையும் முன்னாலேயே விரித்து வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். தொட்டியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுநீர். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. துவட்டும்போது கழுத்து மடிப்பு, காதின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றை மறக்காதீர்கள். பால் வழிந்து கழுத்து மடிப்பில் தங்கினால் மழை நாளில் ஒரே இரவில் புண்ணாகும்.

குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்ட வேண்டும் என்று அத்தை விரும்பினார். எங்களுக்காகத் தன் வீட்டை விட்டு வந்து, பூண்டுக் குழம்பும் பத்தியச் சோறும் ஆக்கிப்போடுகிறவர். "மாப்பிள்ளை, சளி பிடிக்காமல் இருக்கத்தான் சொல்கிறேன்" என்றார். அவர் அக்கறை எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சின்ன நுரையீரலுக்குப் புகை கேடு. "அத்தை, இவ்வளவு முடிக்குத் துண்டே போதும். சாம்பிராணியை விளக்கு வைக்கும்போது கூடத்தில் போடுங்கள், அப்போது நான் பிள்ளையை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்" என்றேன். அப்படியே ஒத்துக்கொண்டார்.

உடுத்துவதில், நீங்கள் போட்டிருப்பதைவிட ஒரு மெல்லிய துணி கூடுதலாக இருந்தால் போதும். கையும் காலும் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். தூங்கும்போது தொப்பி, தலையணை, தளர்ந்த போர்வை எதுவும் வேண்டாம். மல்லாக்கப் படுக்கவையுங்கள், சமமான கெட்டி மெத்தையில். ஏணையில் ஆட்டித் தூங்கவைத்தாலும் தூங்கியதும் மெத்தைக்கு மாற்றிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தண்ணீர் தேங்கும் இடங்களைப் பார்ப்பேன். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான் பிடிக்கும், ஆகவே வாரம் ஒரு முறை கொட்டிவிட்டால் தப்பலாம். பூந்தொட்டித் தட்டு, பாத்திரம் கவிழ்க்கும் தட்டு, குளியலறை வாளி ஆகியவை எல்லோருக்கும் தெரியும். பழைய அடுக்குமாடிகளில் மூங்கில் கழி செருகும் இரும்புக் குழாய்களை மறந்துவிடுவார்கள். துணி காயப்போடும் அதே இடம்! மழைத் தண்ணீர் அதற்குள் நின்று தெளிந்து கிடக்கும். நான் பழைய துணியை உருட்டி அடைத்துவிட்டேன். பகலில் கொசுவலை போடுங்கள், ஏடிஸ் பகலில்தான் கடிக்கும். மூன்று மாதத்திற்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகையோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், மழையா இரவா என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

விடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 சனவரி 1 முதல், ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்த, திருமணமான தந்தைக்குத் தொடர்ந்து ஏழு நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிரசவ நாளுக்கு 30 நாள் முன்னதாக அறிவித்துவிடுங்கள். எனக்கு அந்த ஏழில் ஐந்து நாள் மருத்துவமனையிலேயே போயின. ஆண்டு விடுப்பில் ஒரு வாரமாவது சேர்த்துவைத்திருங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எனக்கு நான்கு நாள் இரவு வேலை, மூன்று நாள் ஓய்வு. வேலை நாளில் காலையில் வந்ததும் ஒரு கூடை துவைத்துப் போட்டுவிட்டுத்தான் படுப்பேன்.

சனவரியில் மழை விட்டு நல்ல வெயில் அடிக்கும். அப்போது சிறுத்துப்போன சட்டைகளையும் மிஞ்சிய வேட்டித் துண்டுகளையும் துவைத்து, இரண்டு நாள் வெயிலில் போட்டு, நிழலில் ஆறவிட்டு, மூடி இறுகும் பிஸ்கட் டின்னில் வையுங்கள். உருண்டை எதுவும் போடாமல், மூடியின் மேல் அதையும் எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் டின் தயாராக இருக்கிறது. மனைவியின் தங்கைக்கு அடுத்த புரட்டாசியில் பிரசவம்.