வீச்சை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பை ஒட்டிய புல்தரையில் ஞாயிறுதோறும் ஃபிளை தூண்டில் வீச்சுப் பயிற்சி நடத்துகிறோம். பூச்சி போன்ற இலேசான தூண்டிலை, ராடால் (கழியால்) லைனைப் (கயிற்றை) பின்னும் முன்னும் வீசிப் போடும் முறை இது. பயிற்றுநர் சான்றிதழுக்குத் தயாராகிறவர்களுக்கு மாதிரித் தேர்வும் உண்டு. அதில் மதிப்பெண் போடப் புதிதாக வருகிறவர்கள், நான் அந்த நாளில் செய்த பிழைகளையே செய்கிறார்கள். தூரத்தைக் கண்டு மயங்குவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

முன்வீச்சை மட்டும் பார்ப்பது

இதை இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை. லூப், அதாவது காற்றில் லைன் மடிந்து போகும் வளைவு, முன்னால் விரிகிறது; லைன் முன்னால் விழுகிறது; கண்ணும் அங்கேயே போய்விடுகிறது. கோளாறு பிறப்பதோ பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால்.

உடுமலையிலிருந்து ஒரு தம்பி வருவார். அவர் வீசினால் லைனின் மேல்பகுதி சரிந்து கீழ்ப்பகுதியை வெட்டும், டெய்லிங் லூப். "பலத்தைக் குறைங்க தம்பி" என்று மூன்று வாரம் சொன்னேன். குறைத்தார், லைன் காலடியிலேயே சுருண்டது. "எனக்கு இது வராதுங்கண்ணா" என்று ராடைக் கீழே வைத்துவிட்டார்.

நான்காவது வாரம் தற்செயலாகப் பக்கவாட்டில் நின்றேன். பின்னால் லைன் இன்னும் விரிந்துகொண்டிருக்கும்போதே அவர் கை மெல்ல முன்னால் நகர்ந்தது. முன்வீச்சுக்கு மிச்சமிருந்த இடம் கொஞ்சம். அதற்குள் ராடை வளைக்கச் சட்டென்று பலம் கொடுக்க வேண்டியிருந்தது. நுனி நேர்கோட்டை விட்டுத் தாழ்ந்து மேலேறியது. கை நின்ற இடத்திலேயே நிற்கட்டும், லைன் நீளட்டும் என்றேன். அன்று சாயங்காலமே சரியாகிவிட்டது. மூன்று வாரம் அவரை நோகடித்தது என் கண்தான்.

போன வாரம் மதிப்பெண் போட வந்த புதியவர் ஒருவர் அதே "பலத்தைக் குறைங்க"வைச் சொன்னார். ஃபிளை ஃபிஷர்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு 1992 முதல் நடத்தும் சான்றிதழ்த் தேர்வில், வீசிக் காட்டினால் மட்டும் போதாது. பிழை ஏன் வருகிறது, எப்படித் திருத்துவது என்றும் விளக்க வேண்டும். காரணத்தை நாமே பார்க்கவில்லை என்றால் அந்த விளக்கம் சரியா தப்பா என்று எப்படிச் சொல்வது?

ராட் பிடித்த கைப்பக்கம், பத்தடிக்கு மேல் தள்ளி நில்லுங்கள். முதல் ஐந்து வீச்சில் பின்வீச்சை மட்டும் பாருங்கள்.

காற்றை மறப்பது

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும். கிழக்கு பார்த்து நின்றால் பின்வீச்சு காற்றை எதிர்த்துப் போய்த் துவண்டு விழும். அதைத் தேர்வரின் கணக்கில் எழுதக் கூடாது. வலக்கைக்காரரை வடக்கு பார்க்க நிறுத்துங்கள், லைன் உடம்பை விட்டு விலகிப் போகும். தெற்கு பார்த்தால் முகத்துக்கே வரும். தூண்டில் முள்ளுக்குப் பதில் நூல்குஞ்சம் இருந்தாலும் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

முடிச்சு விழுந்தால் காற்றைக் குறை சொல்வது

காரணம் பெரும்பாலும் டெய்லிங் லூப்தான்.

தேர்வின் நடுவே கற்றுக்கொடுப்பது

கூடாது.

குறிப்பைத் தள்ளிப்போடுவது

எத்தனையாவது வீச்சு, பின்னாலா முன்னாலா, கை எங்கே நின்றது: நின்ற இடத்திலேயே எழுதுங்கள். டீ குடித்துவிட்டு வந்து எழுதினால் கடைசி வீச்சு மட்டும்தான் நினைவில் இருக்கும்.