மாடு தின்னக்கூடிய தோரணம்

எங்கள் வீட்டுப் பொங்கல் தோரணத்தில் ஸ்டேப்ளர் பின், ஜிகினா, செல்லோடேப், பிளாஸ்டிக் நூல் எதற்கும் இடமில்லை. அவிழ்த்ததும் ஓலை மாட்டுக்குப் போகும். மாடு பார்த்துப் பொறுக்கித் தின்னாது, பின்னையும் சேர்த்து விழுங்கிவிடும். அந்தக் கம்பி வயிற்றைக் குத்தித் துளைத்தால் உயிருக்கே ஆபத்து. பேரன் பேத்திகளிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் ஓலையைக் கையில் கொடுப்பேன். காரணம் தெரிந்துவிட்டால் பிள்ளைகளே ஒருத்தரை ஒருத்தர் கண்காணித்துக்கொள்வார்கள்.

வெளிர்மஞ்சளாக இருக்கும் குருத்தோலைதான் அழகு. ஆனால் நிற்கிற தென்னையின் குருத்தை வெட்ட எனக்கு மனசு வராது. வளர்கிற நுனியே அதுதானே. சாய்ந்த மரம், வெட்டப்போகிற மரம் அக்கம்பக்கத்தில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பச்சை ஓலையே போதும். வெட்டிய ஓலையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். காய்ந்தால் சுருண்டுகொள்ளும், மடித்தால் ஒடியும்.

போகியன்று காலையில் உட்காருங்கள். ஓலையிலிருந்து ஈர்க்கை உருவுவது பெரியவர்கள் வேலை, அதற்குக் கத்தி வேண்டும். உருவிய ஈர்க்கை எறியாதீர்கள், துண்டு துண்டாக நறுக்கினால் அதுதான் நமக்குக் குண்டூசி.

சின்னப் பிள்ளைகளுக்குக் குஞ்சம். தேங்காய்நார்க் கயிற்றை அவர்கள் நெஞ்சு உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். ஓலைப் பட்டையைப் பாதியாக மடித்துக் கயிற்றின் மேல் போட்டு, இரண்டு நுனியும் கீழே தொங்க, கயிற்றுக்குச் சற்றுக் கீழே வாழைநாரால் இறுக்கி முடிய வேண்டும். பிறகு தொங்கும் நுனிகளை நகத்தால் கீறச் சொல்லுங்கள். ஓலை நரம்போடு நேராகவே கிழியும், கத்தரிக்கோல் வேண்டாம். நாலு வயசுப் பிள்ளை கூட இதில் சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கும்.

கொஞ்சம் பெரியவர்களுக்குப் படிக்கட்டுச் சங்கிலி. ஒரே அகலமான இரண்டு பட்டைகளை எடுத்து, நுனிகளை ஒன்றின் மேல் ஒன்றாக 'ட' போல வைத்து ஈர்க்கால் குத்திக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் பட்டையை மேலே மடியுங்கள், இப்போது மற்றது அடிக்குப் போயிருக்கும், அதை மடியுங்கள். மாற்றி மாற்றி இப்படியே கடைசி வரை. முடிவிலும் ஒரு ஈர்க்கு. பிடித்து மெல்ல இழுத்தால் சுருள் சுருளாக முறுக்கிக்கொண்டு தொங்கும். மடிப்பு கோணலாக இருந்தால் திருத்தாதீர்கள். நாம் கை வைத்துவிட்டால் பிள்ளை எழுந்து போய்விடும்.

இடையிடையே மாவிலை. செம்பு நிறத் தளிர் சீக்கிரம் வாடிவிடும், முற்றின இலையாக எடுங்கள். காம்புப் பக்கத்தைக் கயிற்றின் மேல் மடித்து ஈர்க்கால் குத்தினால் நிற்கும்.

வாசலுக்கு மாக்கோலம். பச்சரிசியை ஊறவைத்து மையாக அரைத்து, கையிலிருந்து ஒழுகுகிற பதத்துக்குத் தண்ணீர் விடுங்கள். சின்னத் துணியை முக்கி உள்ளங்கையில் அடக்கிப் பிழிந்தால் மாவு மோதிரவிரல் வழியாக இறங்கும். புள்ளி நான் வைப்பேன், கோடு அவர்கள் இழுப்பார்கள். சுற்றிலும் செம்மண் கரைசல். எறும்பு வரும், வரட்டும், அதுக்கும் சேர்த்துத்தான் அரிசிமாவு.

சாயங்காலம் எங்கள் கொங்குப் பக்கத்து வழக்கப்படி காப்புக் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சின்னக் கட்டாக்கி வீட்டுக் கூரையிலும் மாட்டுக் கொட்டகையிலும் செருகுவோம். பூளைப்பூவைப் பிள்ளைகளே வேலியோரம் தேடிப் பறிக்கட்டும், செடியைப் பிடுங்காமல் கொத்தை மட்டும்.

காணும் பொங்கல் முடிந்ததும் தோரணத்தை இறக்கி, கயிறு, நார், ஈர்க்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஓலையை மட்டும் மாட்டுக்குப் போடுங்கள். ஈர்க்கும் மாவிலையும் குப்பைக்குழிக்கு, கயிறு சுருட்டி அடுத்த வருசத்துக்கு. காப்பை மட்டும் நாங்கள் அவிழ்ப்பதில்லை. அடுத்த போகிக்குப் புதுசு செருகும்போதுதான் பழையது இறங்கும்.